கடற்பாசி சூப்

அம்மா என் முன்னால் கடற்பாசி சூப்பை வைத்ததுமே அப்பா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இன்னிக்கு யாருக்குப் பிறந்தநாள்?”

யாருக்கும் இல்லை. மத்தியானம்தான் நான் இரண்டாவது முறை எழுதிய கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் வந்திருந்தது. மருத்துவக் கல்லூரிக்கு இந்த முறையும் எட்டவில்லை. கடலோரம் பூசானில் இருக்கும் மீன்வளக் கல்லூரிக்குத் தாராளமாகப் போதும். நான் அங்கேதான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“மீன் பிடிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்? இன்னொரு வருஷம் எழுது. மலைமேல இருக்கற அதே பயிற்சி விடுதிதான். அங்க சொல்லியாச்சு.”

சொல்லியாச்சாம். என்னைக் கேட்டாரா? பத்து மாதம் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகக்கூடக் கை தூக்க வைத்த இடம் அது. வேண்டுமானால் அவரே போய் உட்காரட்டும். மருந்துக்கடையில் நின்று டாக்டர்கள் எழுதிய சீட்டைப் படித்தே காலம் போய்விட்டது, தன்னால் ஒரு சீட்டு எழுத முடியவில்லை என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. அதை என் தலையில் கட்டினால் எப்படி?

கடற்பாசி வழவழப்பானது, குடித்தால் பரீட்சையில் வழுக்கி விழுவோம் என்று எங்கள் ஊர் டேகுவில் சின்னக் குழந்தைகூடச் சொல்லும். மற்ற வீடுகளில் நவம்பரில், தேர்வன்று காலையில்தான் அதைத் தொடமாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் உத்தரவு, இரண்டு வருஷமாக அடுப்பிலேயே ஏறவில்லை. பிறந்தநாள் என்றால் இந்த சூப் இல்லாமல் விடியாது. அம்மா தன் இரண்டு பிறந்தநாளையும் வெறும் கேக்கோடு முடித்துக்கொண்டாள்.

அப்படியும் நான் வழுக்கித்தான் விழுந்தேன்.

அம்மா மேலும் எனக்குக் கோபம்தான். போன மாதம் விடுதியிலிருந்து திரும்பிய அன்றே புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடக் கட்டி வைத்தேன். கிடக்கட்டும் என்று கட்டை அவிழ்த்துவிட்டாள். போதாததற்குச் சமையல் மேடையில், சோற்றுக் குக்கருக்குப் பக்கத்தில் என் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள். தினமும் வேறு வேறு பக்கம். என் கண்ணில் படட்டும் என்றுதானே? வாயைத் திறக்காமலே அப்பாவுக்கு ஒத்து ஊதினாள்.

இன்றைக்கு மட்டும் என்ன திடீர்க் கரிசனம்?

“எடுத்துட்டுப் போ இதை,” என்றார் அப்பா அவளிடம். “இந்தப் பரீட்சையை ஒரு தடவைகூட எழுதாத உனக்கு அதோட அருமை எங்க தெரியப்போகுது?”

அது உண்மைதான். வீட்டுக்கு ஒருவர் படித்தால் போதும் என்று தாய்மாமாவை மட்டும் தேர்வுக்கு அனுப்பினாராம் அம்மாவின் அப்பா. அன்று மாமாவுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது அம்மா.

அவள் அவர் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மறுபடியும் என் முன்னால் வைத்தாள்.

“குடி, கா-யோங்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கரண்டியை எடுக்கவில்லை. கிண்ணத்தையே தூக்கி வாயில் வைத்து, நாக்கு சுட்டும் விடாமல், அப்பாவைப் பார்த்தபடியே அடிவரை குடித்தேன். பாசி தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. போகட்டும். இனி எனக்கு எந்த நவம்பரும் கிடையாது.

அப்பா முகம் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தாள். பாத்திரத்தில் இன்னும் பாதி இருந்தது. ஆனால் அவள் தன் சோற்றில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிம்ச்சி ஊறுகாயைக் கடித்தாள்.

இருந்த கோபத்தில் அப்பாவுக்கு அதுவும் குற்றமாகப் பட்டது.

“எங்க தலையில கொட்டிட்டு நீ மட்டும் ஏன் குடிக்கல?”

அம்மா ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். மேடையில் திறந்து கிடந்த கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க குடிங்க. நான் அடுத்த நவம்பர் முடிஞ்சப்புறம் குடிச்சுக்கறேன்.”