கொடி காட்டியவன்

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி. அந்தப் படம் வெளிய வந்தா அண்ணன் பேரு நாறிடும்," என்றான் கொடிக்காரன். உட்காரச் சொல்லியும் உட்காராமல், சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அனுமதிப் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று முறை சாம்பியனான கார் பந்தய வீரரின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்து முடித்திருந்தார்கள். அவர் மனைவியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாலு மணிக்கு டைரக்டரே வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

"அப்படி என்னத்தக் காட்டியிருக்காங்க?"

"கடைசி ரேஸ்தான். கூட்டத்துல யாரோ எடுத்த வீடியோ கிடைச்சிருக்காம். நேத்து என்னைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாங்க. நான் மஞ்சள் கொடியை அந்த ஆட்டு ஆட்டுறேன், அண்ணன் கண்டுக்காமப் போறாரு. நம்ம பொண்ணு பார்த்தா தாங்குமா?"

ஒன்பது வருடமாக அவன் சொல்லிவரும் கதை இது. வளைவுக்கு அப்பால் ஒரு கார் கவிழ்ந்து கிடந்தது. கொடி காட்டி, வருகிறவர்களின் வேகத்தைக் குறைக்கச் செய்வது அவன் வேலை.

காட்டினேன் என்று விசாரணையில் சாதித்தான். எச்சரிக்கையை மதிக்காமல் ஓட்டியதால் கவிழ்ந்த காரில் மோதி வீரர் இறந்தார் என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். செத்தவர் எழுந்து வந்தா சாட்சி சொல்லப் போகிறார்? திமிர் பிடித்து ஓட்டிச் செத்தவன் மகள் என்ற பேச்சை அந்தப் பெண் இன்றைக்கும் பள்ளியில் கேட்கிறாள்.

சாவு வீட்டில் அவன் அழுத அழுகையைப் பார்த்து, புருஷனைப் பறிகொடுத்தவளே அவனைத் தேற்ற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தம்பியானான், மகளுக்குச் சித்தப்பா ஆனான்.

இந்த ஒரு வருடமாகத்தான் அவன் வரும்போதெல்லாம் அண்ணி அந்த நாளைப் பற்றியே கேட்கிறாள். பாவம், மறக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அவனும் ஒரு சொல் பிசகாமல் அதே கதையைச் சொல்வான்.

ஆனால் நேற்று டைரக்டர் அவனுக்குக் காட்டிய வீடியோவில் கொடி தரையில் கிடந்தது. அவன் இரண்டு கையாலும் செல்போனைத் தூக்கிப் பிடித்து, தன் அபிமான வீரர் சீறி வருவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். பந்தயப் பைத்தியத்தின் கையில் கொடியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு இப்போது இந்தக் குடும்பமும் போய்விடும் என்ற பயம்.

"நடந்தது இவ்வளவுதானா தம்பி? வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல அண்ணி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நம்ம பொண்ணு மேல சத்தியம்."

அவள் பேனாவை எடுத்தாள். படிவத்தின் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? இவ்வளவு சொல்லியும்..."

"ஒரு வருஷமா நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"எதை அண்ணி?"

"அந்த வீடியோ நான் எடுத்தது. அதைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவே எனக்கு எட்டு வருஷம் ஆச்சு."