கடைசி ஆளுக்கு மெத்தை

தொட்டியில் மூன்று தலைகள் மட்டும் தெரிந்தன. மூன்றும் சிவந்திருந்தன.

"யாருக்காவது முடியலைன்னா எந்திரிச்சுடுங்க. ஊருக்குப் போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் டார்லா.

மாடுகளுக்குத் தண்ணீர் காட்டுகிற இரும்புத் தொட்டி அது. மலையடியில் கொப்பளிக்கும் வெந்நீரை யாரோ ஒரு புண்ணியவான் குழாய் போட்டு அதில் இறக்கிவிட்டிருந்தான். சூடு தாங்காவிட்டால் குழாயைத் திருப்பி வெளியே தள்ளிவிடலாம். பாலைவனத்துக்கு வருகிற எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

இன்றைக்கு யாரும் குழாயைத் தொடக் கூடாது. அதுதான் பந்தயம்.

கடைசியாக எழுகிறவருக்கு, கூரை போட்ட பிக்கப் வண்டியின் பின்புறத்தில் விரித்திருக்கும் மெத்தை. மற்ற இருவருக்கும் கூடாரம். கூடாரத்துக்குக் கீழே நெவாடாவின் அத்தனை கற்களும்.

இதுவரை வந்த எல்லாப் பயணத்திலும் "வண்டி என்னோடது" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லி பிரோடிதான் மெத்தையில் புரண்டான். போன தடவை கல்லில் படுத்த டார்லாவின் இடுப்பு, ஊருக்கு, ரீனோவுக்குத் திரும்பிய பிறகும் ஒரு வாரம் நிமிர மறுத்தது.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. பந்தயத்தைக் கிளப்பியதே அவள்தான். தன் ஸ்லீப்பிங் பேக்கை முன்கூட்டியே அந்த மெத்தையில் விரித்துவிட்டு வந்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் அவள் பிடரிக்குப் பின்னால் இருந்தது.

சுருட்டிய துண்டு. தலைக்கு அணை கொடுத்திருக்கிறாள் என்றுதான் மற்ற இருவரும் நினைத்தார்கள். துண்டுக்குள் ஒரு ரப்பர் பை. வயிற்று வலிக்கு வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுப்பார்களே, அதே பை. ஆனால் உள்ளே இருந்தது, பிக்கப்பில் மெத்தைக்குப் பக்கத்தில் பீர் வைத்திருந்த ஐஸ் பெட்டியின் தண்ணீர்.

அவர்கள் இருவரும் கூடாரத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தபோது செய்த காரியம். பெட்டியின் அடியில் இருந்த துவாரத்தைத் திறந்து, பையைப் பிடித்து நிரப்பி, பையின் வாயைத் திருகி மூடுவதற்கும் தோழி மைட்டேயின் காலடிச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. பையைத் துண்டில் சுற்றி, கோட்டைச் சரிசெய்துகொண்டு, விசிலடித்தபடி குதித்து இறங்கிவிட்டாள்.

இப்போது உடம்பு வெந்துகொண்டிருந்தது. பிடரி மட்டும் சொர்க்கத்தில் இருந்தது.

முதலில் ஆட்டம் கண்டவன் பிரோடி. மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"என்னடா, மெத்தை வேணாமா?"

"மெத்தையும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். பீர் போதும்!"

ஆவி பறக்க எழுந்து, வெறுங்காலோடு பிக்கப்பை நோக்கி ஓடினான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

ஒருத்தன் ஒழிந்தான்.

மைட்டேயைச் சாய்ப்பதுதான் கஷ்டம். பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுச் சிரிக்கிறவள். கண்ணை மூடி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

துண்டின் குளிர்ச்சி குறைய ஆரம்பித்தது.

சூரியன் மலைக்குப் பின்னால் நழுவியது. காற்றில் குளிர் ஏறியது. விடிவதற்குள் வெளியே வைத்த தண்ணீர் உறைந்துவிடும். டார்லா மெத்தையை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பீர் எடுக்க இவனுக்கு இவ்வளவு நேரமா?

ஒரு வழியாக வந்தான். ஆளுக்கொரு கேனை நீட்டினான். பிறகு குனிந்து மைட்டேயின் காதில் ஏதோ சொன்னான்.

மைட்டேயின் ஒரு கண் திறந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டும் டார்லாவைப் பார்த்தன.

"ஐயையோ, இதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று எழுந்தாள். முடியாதவளின் குரலாக அது இல்லை. "நீ இரும்புடி, டார்லா. மெத்தை உனக்குத்தான்!"

"டேய், அவ காதுல என்ன ஓதினே?"

"பீர் ஜில்லுன்னு இருக்கு, எந்திரிச்சு வான்னேன். வேற ஒண்ணுமில்ல, மகாராணி."

தோற்றவர்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள். டார்லா பெருந்தன்மையாகச் சிரித்தாள். அவர்கள் முதுகு திரும்பியதும் ரப்பர் பையைப் புதருக்குப் பின்னால் கவிழ்த்தாள். உடம்பைத் துவட்டி, உடை மாற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு, உண்மையான மகாராணி மாதிரியே நடந்தாள்.

கூடாரத்தின் முன்னால் காரமான சொரிசோ இறைச்சி பொரிந்துகொண்டிருந்தது. பிரோடியும் மைட்டேயும் வாணலியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலில் இத்தனை அக்கறை அவர்களுக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

"சாப்பிடலையா?" என்றான் பிரோடி, தலை நிமிராமல்.

"முதல்ல என் மெத்தையில கொஞ்சம் முதுகைச் சாய்ச்சுட்டு வர்றேன். வயித்தெரிச்சல் படாதீங்க."

பிக்கப்பில் ஏறினாள். ஸ்லீப்பிங் பேக்கைத் திறந்து இரண்டு கால்களையும் உள்ளே நீட்டி, ஆனந்தமாக உட்கார்ந்தாள்.

சளக்.

பாதத்திலிருந்து இடுப்புவரை ஐஸ் தண்ணீர். ஸ்லீப்பிங் பேக் ஊறியிருந்தது. அதன் அடியில் மெத்தை ஊறியிருந்தது. தலைமாட்டில் ஐஸ் பெட்டி. அதன் அடியிலிருந்த துவாரத்திலிருந்து இன்னமும் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

தெரிந்தே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், பாவிகள்!

எந்த மடையன் இதைத் திறந்து விட்டது? தனக்குத் தெரிந்த எல்லா வசவுகளையும் ஒன்று சேர்த்து வாயைத் திறந்தாள். விறைத்த கைகள் தாமாகவே கோட்டுப் பைக்குள் நுழைந்தன.

விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சின்னதாக, உருண்டையாக, மரை போட்ட ஒரு பிளாஸ்டிக் மூடி.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"மகாராணி! மெத்தை எப்படி இருக்கு?" வாணலிப் பக்கமிருந்து மைட்டேயின் குரல்.

டார்லா மூடியை எடுத்து, சத்தம் வராமல், துவாரத்தில் வைத்துத் திருகினாள்.

"பஞ்சு மாதிரி இருக்கு!" என்று கத்தினாள்.