பிடிச்சது முதல்ல

"ரொம்பப் பிடிச்சதைத்தான் முதல்ல எடுக்கணும். வரிசையில இருக்கிற எதை வேணாலும் எடுக்கலாம். ஆளுக்கு ஒண்ணு, மாத்தி மாத்தி. அழுகுணி ஆட்டம் கூடாது!"

வாண்டு கறாராகச் சொல்லிவிட்டாள். மூன்றாம் வகுப்புதான் என்றாலும் அந்த வீட்டில் நடுவர் எப்போதும் அவள்தான்.

பழைய வீடியோ கேம் கன்சோலின் டிஸ்க்குகளைக் கூடத்துச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தாள். அந்த கன்சோலும் அவளும் ஒரே வருடம் வீட்டுக்கு வந்தவர்கள். இப்போது கடைகளில் புதுசு வந்துவிட்டது, பழசின் காலம் முடிந்தது. வரிசையின் கடைசியில், ஜாம்பி கேமை ஒட்டி அவளும் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

காசு சுண்டினாள். அப்பாவுக்கு விழுந்தது. மனுஷன் யோசிக்கவே இல்லை, டிராகன் கேமைப் பாய்ந்து எடுத்தார்.

"அடப்பாவி! கடைசி டிராகனைக் கொன்னது யாரு? நான்!" என்றாள் அம்மா.

"அதுக்கு முன்னாடி இருந்த அத்தனையையும் கொன்னது யாராம்?"

இருவரும் ஒரே கேம் கடையில் வேலை பார்த்து, போட்டி போட்டு விளையாடியே கல்யாணம் வரைக்கும் போனவர்கள். வாடா போடி என்றுதான் பேச்சு.

அம்மா கார் ரேஸை எடுத்தாள். அப்பா கால்பந்தை எடுத்தார். வரிசையில் ஒன்றை மட்டும் யாராவது சீக்கிரம் எடுத்துவிட வேண்டுமே என்று வாண்டு காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள். கை நீளும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், வேறு எதையோ எடுத்ததும் முகம் சுருங்கிப்போகும்.

கடைசியாக ஜாம்பி கேம். அதன்மேல் இரண்டு கைகளும் ஒன்றாக விழுந்தன.

"என் முறை!"

"யாரு சொன்னா? என் முறை!"

"உன் லேடீஸ் ஹாஸ்டல்ல இதை எங்கடி போட்டு விளையாடுவே?"

"உன் ஒத்தை ரூம்ல நீயே காலை மடக்கித்தான் படுக்கணும். உனக்கு மட்டும் எதுக்குடா?"

"வக்கீல் பாதிப் பாதின்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. அதான் என் பாதியை விட மாட்டேங்கிறேன்!"

இழுத்த இழுப்பில் உறை விரிசல் விட்டது. ஜெயித்தது அம்மாதான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவரவர் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டத் தொடங்கினார்கள்.

"அவ்வளவுதானே? எல்லாம் எடுத்தாச்சா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. வரிசையில இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு."

அப்பா திரும்பினார். தரையில் எதுவும் இல்லை. சுவரோரமாக, உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகராமல், வாண்டு மட்டும் இருவரையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப் கிழிக்கும் சத்தம் நின்றது. அம்மா அப்பாவைப் பார்த்தாள், அப்பா அம்மாவைப் பார்த்தார். கொஞ்சம் முன்புவரை ஒரு கேமுக்காக மல்லுக்கட்டியவர்கள், இப்போது ஒருவரையொருவர் கைகாட்டி ஒரே குரலில் சொன்னார்கள்:

"இது உன் முறை."