கதிர் படாத தொட்டி

ஜன்னல் வெயில் நுண்ணோக்கியின் மேல் விழுகிறது. ஆய்வாளர் அம்மா குனிந்து பார்க்கிறார். கண்ணாடித் தகட்டில் ஆண் மீனின் விந்தகம், மெல்லிய சீவலாக. உயிரணுக்கள் நெருக்கியடித்து நிறைந்திருக்க வேண்டிய இடமெல்லாம் ஓட்டை. மிஞ்சியவை சுருங்கிக் கருத்துக் கிடக்கின்றன. கதிர்வீச்சு பட்ட மீன் என்றால் இப்படித்தான் இருக்கும். ஆனால் தகட்டின் ஓரத்தில் பச்சை மையில் இருப்பது, ஒப்பிட்டுப் பார்க்கவென்று வைத்த கதிர் படாத தொட்டியின் எண். "தகடு மாறிப்போச்சா?" "இல்லக்கா, நானே வெட்டி நானே எழுதினேன். மூணு தடவ சரிபார்த்துட்டேன்," என்கிறாள் உதவியாளப் பெண். இருவரும் மெல்லத் திரும்புகிறார்கள். காற்றுக் குழாய்க்கு பிளக் அங்கேதான் இருக்கிறதென்று, கதிர் அறையின் சுவரோடு ஒட்டிவைத்த அதே தொட்டி. குமிழிகள் கொப்புளிக்கின்றன, மீன்கள் ஒன்றுமறியாமல் வாயைத் திறந்து மூடுகின்றன. அதை அடுத்து, அதே சுவரில் சாய்ந்து நிற்கிறது உதவியாளப் பெண்ணின் நாற்காலி. இடுப்புவலிக்கு அவள் வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை அதில் அமுங்கிக் கிடக்கிறது. அவள் கை தானாக ஏழு மாத வயிற்றின் மேல் போய் நிற்கிறது. "அக்கா... இது மீனுக்கு மட்டும்தானே?" ஆய்வாளர் மறுபடி குனிந்து, ஏற்கெனவே தெளிவாகத் தெரிகிற பிம்பத்தை இன்னும் தெளிவாக்க, நுண்ணோக்கியின் திருகைத் திருகிக்கொண்டே இருக்கிறார்.