எல்லாமே கச்சிதம்

எங்கள் ஷூ கடைக்குள் காலை வைப்பதற்கு முன்பே அவர் தன் ரப்பர் செருப்பைக் கழற்றி வாசல் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“புதுசு வாங்கறதுக்கு முன்னாடியே பழசைத் தலைமுழுகிட்டார் பாத்தியாம்மா,” என்று அவர் மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவராம். ஒரு வருஷமாகச் சர்க்கரை நோய் அவர் பாதங்களில் தீ வைத்திருந்தது. போர்வை பட்டாலே துடிப்பாராம். ஷூ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆபீஸில் ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஊர் சுற்றிய மனிதர், ஜன்னலைப் பார்த்தே நொந்துபோனார்.

எந்த மருந்துக்கும் மசியாத அந்த எரிச்சல், போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. நாளைக்கு மறுபடியும் தெருவில் இறங்கப்போகிறார்.

“சர்க்கரையால வந்தது, சர்க்கரை மாதிரியே கரைஞ்சுபோச்சு!” என்றார்.

இப்படி ஒரு வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. வருகிறவர்கள் எல்லாம் இங்கே கடிக்கிறது, அங்கே இடிக்கிறது என்று என் உயிரை வாங்குவார்கள். இவருக்கு மாட்டியதெல்லாம் பிடித்தது. கறுப்பு கச்சிதம். பழுப்பு அதைவிடக் கச்சிதம். நான் இடது காலுக்கு நாடா கட்டி முடிப்பதற்குள், வலது காலைத் தானே திணித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மனைவியின் கையைப் பிடித்து ஒரு சுற்று. மானம் போகிறது என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா இன்னொரு சுற்று. எங்கள் சிடுமூஞ்சி முதலாளியே கல்லாவிலிருந்து எழுந்து கைதட்டினார். நானும் ரெண்டு ஆட்டம் போட்டேன், என்ன வெட்கம்?

போட்டுக்கொண்டே போகிறோம், டப்பா வேண்டாம் என்று கிளம்பினார்கள்.

சிரித்தபடியே டப்பாவை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். புது ஷூவின் முனை அமுங்காமல் இருக்க உள்ளே காகிதத்தை உருட்டித் திணித்து அனுப்புவார்கள். கல் மாதிரி இருக்கும். இடது ஷூவிலிருந்து நான் எடுத்த உருண்டை கீழே கிடந்தது.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். டப்பாவைக் கவிழ்த்தேன். இன்னொன்று இல்லை.

வலது ஷூவுக்குள் அந்த உருண்டையோடா இத்தனை ஆட்டம் ஆடினார், காலில் ஒன்றுமே தெரியாமல்? தெருவுக்கு ஓடினேன்.

“சார், ஷூவைக் கழட்டுங்க!”

தெருமுனையில் கைகோத்துப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தற்செயலாகத் திரும்பினார். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, வலது காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினார்.