துரைக்கு மனசு வந்தால்

“பேசாம துரையைத் தூக்கி அந்தம்மா மடியில வைய்யா. வேலை முடிஞ்சுது,” என்றார் மிருகக்காட்சிசாலை மேலாளர்.

பராமரிப்பாளர் மீன் வாளியைக் கீழே வைத்தார். “பென்குயினைத் தூக்கக் கூடாது சார், மிரண்டுடும். பார்வையாளர் அறைக்கு அதுவா வரணும், அதுவா போகணும். அதானே நம்ம வழக்கம்?”

“நல்ல வழக்கம். அந்தம்மா வாராவாரம் டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காருறாங்க, உன் துரை ஒரு நாளாவது அவங்க கிட்ட போயிருக்கானா? இன்னிக்கும் போகலேன்னா, நாளையிலேர்ந்து தூக்கித்தான் குடுக்கணும்.”

பராமரிப்பாளர் வாளியை எடுத்துக்கொண்டு பார்வையாளர் அறைக்கு நடந்தார். துரை அவர் முட்டையிலிருந்து பார்த்து வளர்த்த பிள்ளை. கண்டவர் கை பட்டால் இரை எடுக்காமல் மூலையில் போய் நின்றுவிடும்.

அந்த அம்மாள் வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வாரமும் அவர் கேட்காத கேள்வி இல்லை.

“பேர் சொல்லிக் கூப்பிடலாமா?”

“வேண்டாம்மா. பார்க்காத மாதிரி இருங்க.”

“மீனைக் காட்டினா வருமா?”

“மீனுக்காக வரும். உங்களுக்காக வராது.”

இன்றைக்கு அவர் எதையுமே கேட்கவில்லை. பொறுமை போய்விட்டது போலிருக்கிறது என்று பராமரிப்பாளர் பயந்தார்.

சின்னக் கதவு வழியே துரை, பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி நிதானமாக நடந்து வந்தது. அம்மாளின் காலருகே நின்றது.

‘ராசா, என் மானத்தைக் காப்பாத்துடா’ என்று பராமரிப்பாளர் மனதுக்குள் கெஞ்சினார்.

துரை அம்மாளை மேலும் கீழும் பார்த்தது. முதுகைக் காட்டித் திரும்பியது. வந்த வழியே போய்விட்டது.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். “மன்னிச்சுக்குங்கம்மா. அடுத்த வாரம் வாங்க, உங்க கையிலேயே தூக்கிக் குடுத்துடுறோம்.”

“ஐயையோ, இந்த வழக்கத்தை மட்டும் மாத்திடாதீங்க சார்.” மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டே அம்மாள் எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. “அடுத்த வாரம் நான் வரமாட்டேன். இன்னிக்கு வந்ததே, துரைகிட்ட எப்படி இருக்கணும்னு சொல்லிக் குடுத்த இவருக்கு நன்றி சொல்லத்தான். நாங்க தத்தெடுத்துக் கூட்டிட்டு வந்த நாள்லேர்ந்து கட்டிலுக்கு அடியிலேயே ஒளிஞ்சுக்கிட்டு இருந்த எங்க பொண்ணு, நேத்து தானாவே வெளிய வந்து என் மடியில உக்காந்துட்டா.”