பன்னிரண்டாவது ஆள்

“இந்தப் பன்னிரண்டாவது ஆள் இருக்காரே, அவரை நான் நம்பலை” என்றார் தோத்தாத்ரி.

தாம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கருத்தரங்கக் கூடம். சுவரில் இருந்த திரையில் அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது. புனேயிலிருந்து ஆன்லைனில் வந்திருந்தார். யூனிஸின் முனைவர் பட்டத்துக்கு அவர்தான் வெளித்தேர்வாளர். அவர் சம்மதித்தால் ஏழு வருட உழைப்பு இன்றோடு முடியும். இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படி மூன்று பேருக்கு அனுப்பியிருக்கிறார் என்று துறையில் பேச்சு.

“ஏன் சார் நம்பலை?” யூனிஸ் கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவோடு மேடையில் நின்றபடி கேட்டாள்.

“சொல்றேன். குரல்வளையில கேன்சர் வந்து, அதை எடுத்துட்டவங்களுக்காக ஒரு கருவி செஞ்சிருக்கீங்க. அவங்க சத்தமில்லாம வாயசைச்சாப் போதும். தாடைக்குக் கீழ ஒட்டியிருக்கிற பட்டை அதைப் புரிஞ்சுக்கிட்டு ஸ்பீக்கர்ல பேசும். சரியா?”

“ஆமா சார். ஆபரேஷனுக்கு முன்னாடியே அவங்க குரலைப் பதிவு பண்ணிடுவோம். அந்தக் குரல்லயே பேசும்.”

“பன்னிரண்டு பேர்கிட்ட சோதனை பண்ணியிருக்கீங்க. யாராவது வந்திருக்காங்களா?”

இரண்டாவது வரிசையில் மாரி எழுந்து நின்றார். வாய் அசைந்தது. சட்டைப் பையில் இருந்த சின்ன ஸ்பீக்கர் கொஞ்சம் பின்தங்கிப் பேசியது.

“வணக்கம்... சார். கேக்குதா? நானு... ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு... இருந்தேன். தாம்பரம், பல்லாவரம்னு... நாள் பூரா கூவிக்கினே கெடந்த... தொண்டை. இந்த மிஷினு... மொதல்ல ஒரே பேஜாரு சார். நானு டீன்னா... அது தீன்னும். இப்போ... பரவால்ல. டீக்கடைல... டீதான் வருது.”

கூடம் சிரித்தது. தோத்தாத்ரியும் சிரித்தார்.

“எவ்வளவு நாளா உபயோகிக்கிறீங்க?”

“மூணு மாசமா... கீது சார்.”

“ரொம்ப சந்தோஷம். உட்காருங்க.” அவர் முகம் பழையபடி இறுகியது. “யூனிஸ், இது நிஜம். நடுவுல தடுக்குது, மிஷின்னு பளிச்சுனு தெரியுது. மூணு மாசத்துக்கு இதுவே பெரிய விஷயம். ஆனா உங்க பன்னிரண்டாவது ஆள்? மூணு வருஷமா, தினமும் பதினாலு மணி நேரம் உபயோகம்னு எழுதியிருக்கீங்க. ஒரு நாள்கூட விடலையாம். சாதாரணமா நாம பேசற வேகம். கேட்டவங்க யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கலைன்னு முடிவு. பேர் இல்லை, வயசு இல்லை, வெறும் நம்பர்! போன மாசம் சிங்கப்பூர் மாநாட்டுல சிறந்த கட்டுரைன்னு பரிசு கிடைச்சதும் இந்த ஆளை வெச்சுத்தான்.”

“ஆமா சார்.”

“நடுவுல ஒரு வருஷம் லீவ் வேற எடுத்திருக்கீங்க.”

“உடம்பு சரியில்லை சார். திரும்பி வந்ததும் தலைப்பை மாத்திக்கிட்டேன்.”

“போன காலத்தைப் பிடிக்க அவசரம். புரியுது. நேராவே சொல்லிடறேன். அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த டேட்டாவை நீங்க உட்கார்ந்து தயாரிச்சிருக்கீங்க.”

யூனிஸின் வழிகாட்டி பேராசிரியர் தனசிங் சட்டென்று எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“சார், அது யாருன்னா...”

“வேண்டாம் சார்” என்றாள் யூனிஸ். “கேள்வி என்கிட்டதானே கேட்டாங்க? நானே சொல்றேன்.”

தனசிங் தயங்கி உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் அவள் காலையிலேயே அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

“எத்திக்ஸ் கமிட்டி அனுமதியோடதான் பேரை மறைச்சோம் சார்” என்றாள் திரையைப் பார்த்து. “யாருன்னு தெரிஞ்சா, கேக்கறவங்க குரலைக் கேக்க மாட்டாங்க. ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் அவங்க போடற மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை.”

“நல்ல பதில். ஆனா சாட்சி இல்லாத பதில்.” தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நாற்பது வருஷமா மிஷின் குரலைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எவ்வளவு நல்லா செஞ்சாலும் ரெண்டு வாக்கியத்துல எனக்குத் தெரிஞ்சிடும். அந்த ஆளைக் கூப்பிடுங்க. என்கூட ரெண்டே நிமிஷம் பேசட்டும். நான் கண்டுபிடிக்கலைன்னா, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே சார்?”

“இத்தனை பேர் முன்னாடி சொல்றேன், போதாதா?”

யூனிஸுக்கு உள்ளங்கை வியர்த்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். குரலில் மட்டும் ஒரு நடுக்கமும் இல்லை.

“இப்ப மணி என்ன சார்?”

“பதினொண்ணே முக்கால். ஏன்?”

“பத்தரை மணியிலேர்ந்து நீங்க அந்த ஆள்கிட்டதான் சார் பேசிக்கிட்டிருக்கீங்க.”

சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த சிறிய ஸ்பீக்கர் பெட்டியை அணைத்தாள். ‘நன்றி’ என்று அவள் உதடுகள் அசைந்தன. கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.